கை எடுத்துக்கினியா?

போன வருஷம் மீன்பிடி தடைக்காலம் முடிஞ்ச முதல் ஞாயித்துக்கெழம, காலைல அஞ்சே முக்காலுக்கு, நான் வட சென்னைல காசிமேட்டுல சில்லற பொறுக்குனேன். தெரியாதவங்களுக்கு சொல்றேன், எங்க பக்கம் யாராவது வண்டியில இருந்து வுழுந்தா "இன்னா, சில்ற பொறுக்கினியா"னு தான் கேப்பாங்க. கை ஒடஞ்சவன்கிட்டயும் அதே கேள்விதான். கேட்டுட்டு அப்புறம்தான் தூக்கி வுடுவாங்க.

ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் லாஞ்சுங்க கடலுக்குப் போகாது. அந்த ரெண்டு மாசமும் எங்க வீட்ல கருவாடு, ஐஸ் மீனு, கேரளால இருந்து வந்துச்சுனு சொல்லி விக்கிற மீனுனு ஓட்டுவோம், அம்மா ஒவ்வொரு நாளும் சட்டிய எறக்கும்போது "மண்ணு மாதிரி கீது"னு சொல்லும். அதனால முதல் ஞாயிறுன்னா எங்களுக்கு பண்டிகை மாதிரி. தண்டையார்பேட்டைல எங்க வீட்ல இருந்து மீன் மார்க்கெட்டுக்கு பத்து நிமிஷம் கூட ஆகாது. நைட்டிக்கு மேல ஒரு துப்பட்டா போட்டுக்கினு போற அக்காங்க எல்லாம் ஒரு கூட்டமே இருக்கும், நான் கொஞ்சம் டீசன்ட்டா ஒரு பழைய சுடிதார், ரப்பர் செருப்பு, ஹெல்மெட். ஹெல்மெட் போட்டதுக்குக் காரணம் உயிர் மேல ஆச இல்ல, மார்க்கெட் முனைல போலீஸ் நிப்பாங்க. தலைக்கு மட்டும்தான் சட்டம் இருக்கு, மோட்டார் வண்டிச் சட்டத்துல 129னு ஒரு செக்ஷன், போடலன்னா 194டில ஆயிரம் ரூபா. கைக்கு ஒண்ணும் கெடையாது.

ரோடு எப்படி இருந்துச்சுன்னா, மழை எதுவும் இல்ல, ஆனா ஈரம். மீன் லோடு வண்டிங்க பின்னாடி கதவுல இருந்து ஐஸ் ஒழுகி ஒழுகி ரோட்டுக்கு நடுவுல ஒரு கோடு மாதிரி போயிருக்கும், அது வெறும் தண்ணி இல்லீங்க, மீனோட வழவழப்பும் ரத்தமும் கலந்த தண்ணி, அது மேல கடக்கரை மண்ணு காத்துல வந்து படிஞ்சிருக்கும். அது மேல நடந்தாலே செருப்பு வழுக்கும். நான் ஒரு இருபத்தஞ்சு முப்பதுல தான் போனேன். தலைல கூடையோட ஒரு பாட்டி ரெண்டு ஆட்டோவுக்கு நடுவுல இருந்து சட்டுனு வெளிய வந்துச்சு. நான் ரைட் கை ப்ரேக்க கப்புனு புடிச்சேன். அதாவது முன் ப்ரேக்க மட்டும். ஸ்கூட்டியோட சின்ன வீலு, வழுக்குற ரோடு, ஹேண்டிலும் லேசா திரும்பி இருந்துச்சு, வேற இன்னா வேணும். முன் வீலு நின்னுடுச்சு, வண்டி நிக்கல. லெஃப்ட் ப்ரேக்க புடிச்சிருந்தா ரெண்டு வீலும் சேந்து புடிச்சிருக்கும், 2019க்கு அப்புறம் வந்த சின்ன வண்டி எல்லாத்துலயும் அந்த காம்பி ப்ரேக் இருக்கு, எனக்கும் தெரியும், ஆனா அந்த நேரத்துல கை அதுபாட்டுக்கு தான் வேலை செய்யும், நம்மள கேக்காது.

வுழுவுற நேரத்துலயும் கை நம்மள கேக்காது. அதுதான் இந்த கதையே.

தம்பி மெக்கானிக்கல் டிப்ளமா. அன்னைக்கு சாயந்திரம் என் ஆஸ்பத்திரி சீட்டுக்குப் பின்னாடி கணக்கு போட்டான். முப்பது கிலோமீட்டர் ஸ்பீடுன்னா செகண்டுக்கு எட்டு மீட்டருக்கு மேல. ரோட்டுக்கும் ஆளுக்கும் நடுவுல உராய்வு 0.6, 0.7னு வெச்சுக்கிட்டா தேய்ஞ்சு நிக்கிறதுக்கு அஞ்சு மீட்டர் கிட்ட ஆவும். "ஒன்னரை லோடு ஆட்டோ நீளம் தரையில படுத்துக்கினு போயிருக்க"னான். அறுபதுல போனா ரெண்டு மடங்கு தூரம்னு நான் நெனச்சேன், இல்லியாம், நாலு மடங்காம், இருபது மீட்டருக்கு மேல. ஸ்பீடு ரெண்டு மடங்கானா தூரம் நாலு மடங்கு. எனக்கு அப்ப வலியில கணக்கு எல்லாம் ஏறல, ஆனா ஒண்ணு மட்டும் நெனச்சுக்கினேன், அந்த அஞ்சு மீட்டரும் என் ரெண்டு உள்ளங்கை தான் ப்ரேக்கு.

எழுந்து உக்காந்து கைய பாக்கறேன். மொதல்ல ரத்தம் இல்ல, வெள்ளையா இருந்துச்சு. கட்டை விரலுக்குக் கீழ சதைமேடு இருக்கு பாருங்க, அங்க தோல் சுருண்டு, நுங்கு தோல உரிச்சு பாதில வுட்ட மாதிரி ஒரு ஓரத்துல தொங்குது. வெள்ளைல கருப்பு கருப்பா கல்லு. நான் பாத்துக்கினே இருக்கறப்ப அந்த வெள்ளைல இருந்து ஊசி குத்துன மாதிரி ஒவ்வொரு புள்ளியா செவப்பு வந்து, அப்புறம் எல்லாம் சேந்து வழிய ஆரம்பிச்சுது. எடது கைல காயத்துக்கு நடுவுல ஒரு மீன் செதில், சங்கரா செதில்னு நெனைக்கிறேன், பளபளனு ஒட்டிக்கினு இருந்துச்சு. சில்லற பொறுக்குனதுக்கு ஒரு வெள்ளிக்காசு.

கூட்டம் கூடிடுச்சு, ஆளுக்கு ஒரு டாக்டர். ஒருத்தர் காபித்தூளுன்னாரு. டீக்கடைல இருந்து ஒருத்தர் மஞ்சத்தூளையே எடுத்துக்கினு வந்துட்டாரு. ஒரு ஆட்டோக்காரர் "கொஞ்சம் பெட்ரோல் வுட்டா கிருமி செத்துரும்மா"ன்னாரு, நல்ல மனுஷன், அவர் கைல பாட்டில் வேற இருந்துச்சு. சரியான வேலைய செஞ்சது அந்த பாட்டி தான். கூடைய எறக்கி வெச்சுட்டு, எங்கயோ இருந்து ஒரு கேன் குடி தண்ணி எடுத்துக்கினு வந்து, "ஊத்துறேன், கைய கவுக்காத, நீட்டிக்கினு இரு, எல்லாரும் கம்னு இருங்க"னு சொல்லி முழு கேனையும் ஊத்திடுச்சு. ஊத்திக்கினே திட்டுச்சு. "கண்ண எங்க வெச்சுக்கினு வர்ற, நான் இல்ல, வேற கெயவியா இருந்தா செத்துருப்பா". நானும் "சாரி பாட்டி, சாரி பாட்டி"னு சொல்லிக்கினே இருந்தேன். தப்பு யாரு மேலன்னு எனக்கு இன்னும் தெளிவு இல்ல.

பக்கத்து ஆஸ்பத்திரில கேஷுவாலிட்டில ஒரு நர்ஸ் அக்கா. பேரு சொன்னா அவங்களுக்கு புடிக்காது. செலைன் ஊத்தி, மரத்துப்போற ஜெல்லு தடவி கொஞ்ச நேரம் வுட்டுட்டு, அப்புறம் காஸ் துணிய வெச்சு தேய்க்க ஆரம்பிச்சாங்க. மரத்துப்போனது தோல்தான், நான் இல்ல. நான் போட்ட சத்தத்துல பக்கத்து பெட்ல பல்லு ஒடஞ்சு வந்த பையன் தன் அழுகைய நிறுத்திட்டான். "போதும்க்கா, மீதி தானா வந்துரும்"னு கெஞ்சினேன். "தானா வராதும்மா, கல்லு உள்ள நின்னுச்சுன்னா அது மேலயே தோல் மூடிக்கும், பச்ச குத்துன மாதிரி கருப்பா நின்னுரும், கடைசி வரைக்கும் போவாது"ன்னாங்க. அது உண்மைதான்னு என் வலது கைல இருக்குற ஒரு புள்ளி சொல்லுது. ஒரே ஒரு கல்ல வுட்டுட்டாங்க. இல்ல, நான் கைய இழுத்துக்கினதால வுட்டுப் போச்சு.

டெட்டனஸ் வராம இருக்க டிடி ஊசி போட்டாங்க. டாக்டர் எங்க வுழுந்தன்னு கேட்டாரு, மீன் மார்க்கெட்டுன்னதும் கொஞ்சம் நிமிந்து உக்காந்தாரு. சர்க்கரை இருக்கா, கல்லீரல் பிரச்சன இருக்கா, காச்சல் வருதான்னு ஒண்ணொண்ணா கேட்டாரு. கடல் தண்ணி, மீன் தண்ணி காயத்துல பட்டா அதுல மட்டும் இருக்குற சில கிருமி இருக்காம், இந்த மாதிரி ஏற்கனவே நோய் இருக்குறவங்களுக்கு அது ரொம்ப வேகமா ஏறுமாம். செவப்பு பரவுனா, நாத்தம் வந்தா, சீழ் வச்சா, காச்சல் அடிச்சா காலைல வரேன்னு இருக்காத, ராத்திரியே வாம்மான்னு சொன்னாரு. நல்லவேளை எனக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்ல, ஆனா மூணு ராத்திரி அம்மா ரெண்டு மணிக்கு எழுந்து என் நெத்திய தொட்டுப் பாத்துச்சு.

இன்னொண்ணு, இது முக்கியம், யாரும் சொல்ல மாட்டாங்க. வலது மணிக்கட்டு வீங்கி இருந்துச்சு. எக்ஸ்ரே எடுத்தாங்க, ஒண்ணும் இல்ல. நான் சந்தோஷமா எழுந்தா, டாக்டரு கட்டை விரல தூக்க சொல்லி அது அடியில ஒரு குழி விழும் பாருங்க, அங்க விரல வெச்சு அமுக்குனாரு. உயிர் போயிடுச்சு. உடனே மாவுக்கட்டு, "ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி எக்ஸ்ரே". அந்த எடத்துல ஸ்கேஃபாய்டுனு முந்திரிப்பருப்பு மாதிரி ஒரு எலும்பு இருக்காம். கைய ஊனி வுழுந்தா அடிக்கடி ஒடையறதுல அதுவும் ஒண்ணாம், லேசா விரிசல் வுட்டிருந்தா முதல் எக்ஸ்ரேல தெரியாதாம். அதுக்கு ரத்தம் வர்ற வழியும் தலைகீழா இருக்குறதால, கவனிக்காம வுட்டா எலும்பு ஒட்டாம ஒரு பாதி செத்தே போயிடும்னாரு. எனக்கு ரெண்டாவது எக்ஸ்ரேலயும் ஒண்ணும் இல்ல, தப்பிச்சேன். ஆனா "எக்ஸ்ரேல ஒண்ணும் இல்ல, வெறும் சுளுக்கு"னு எண்ணெய் தேச்சு நீவி வுட்டுக்கினு இருக்குற எத்தன பேரு இருக்காங்களோ. எங்க தெருவுலயே ரெண்டு பேரு.

சரி, இப்ப நான் எழுத வந்த விஷயம்.

காலு ஒடஞ்சா காலுதான் ஒடஞ்சிருக்கும். ரெண்டு உள்ளங்கையும் போச்சுன்னா நீங்க ஒரு ஆளே இல்ல. கொழாய திருக முடியாது. மக்க புடிக்க முடியாது. போன் விரல் ரேகைய எடுத்துக்காது. சோறு பெசைய முடியாது, ஸ்பூன் புடிச்சா அந்த காம்பு சரியா காயத்து மேலயே வந்து நிக்கும். தலை வார முடியாது, கொக்கி போட முடியாது, பேன்ட் நாடாவ அவுக்க முடியாது. பாத்ரூம் போனா? அதேதான். நீங்க நெனைக்கிறது சரிதான். எனக்கு முப்பத்தாறு வயசு, கன்டெய்னர் யார்டுல பில்லிங் பாக்கறேன், லாரி டிரைவருங்க கிட்ட கத்தி பேசி வேலை வாங்குற பொம்பள. பதினொரு நாள் எங்க அம்மா எனக்கு கழுவி வுட்டுச்சு. முட்டி வலியோட கதவ புடிச்சுக்கினு வந்து, மக்குல தண்ணிய மொண்டு. மொத நாளு நான் செவுத்த பாத்துக்கினு அழுதேன். அம்மா "சின்னதுல நான்தான செஞ்சேன், இன்னா புதுசா, காலு நவுறு"னுச்சு. அவ்வளவுதான், அதுக்கு மேல அதப் பத்தி ரெண்டு பேரும் பேசல. இன்னைக்கு வரைக்கும் பேசல.

வண்டி ஓட்றவங்க பேச்சுல தல, முதுகுத்தண்டு, முட்டி இதெல்லாம் வரும். இது வரவே வராது.

ஆறுறதுக்கு பதினெட்டு நாளாச்சு. அம்மாவோட கட்சி, காயத்த காத்தாட வுடணும், பக்கு கட்டணும். நர்ஸ் அக்கா கட்சி நேர் எதிர், காயவே வுடக்கூடாது, உள்ளங்கைல பக்கு கட்டுனா விரல நீட்டும்போதெல்லாம் அது வெடிச்சு மறுபடி புதுசா கிழியும்னு. வாஸ்லின் மாதிரி தடவுன வலைத் துணி ஒண்ணு மெடிக்கல்ல விக்கிறாங்க, அத வெச்சு மேல காஸ் சுத்துனா, அடுத்த நாள் பிரிக்கும்போது தோலோட வராது. வெறும் பஞ்சு வெச்சு கட்டி, அடுத்த நாள் அத பிச்சு எடுத்த அனுபவம் முதல் ராத்திரியே எனக்கு கெடச்சுடுச்சு, தம்பி நல்லது பண்றேன்னு பண்ணது. சத்தியமா வுழுந்தப்ப கூட அவ்வளவு வலிக்கல. ஸ்பிரிட்டும் அப்படித்தான், தொறந்த காயத்துல அத ஊத்தாதீங்க, கிருமியோட சேத்து நல்ல சதையையும் சுட்டுடும். சும்மா ஓடுற தண்ணியும் சோப்பும் போதும்.

கை சரியானதும் மொத வேலையா ஜிபி ரோடு போனேன். மெட்ராஸ்ல வண்டிக்கு ஏதாவது வேணும்னா அங்கதான். கடைல "கிளவுஸ்"னேன். "லேடீஸ் கிளவுஸா மேடம்"னு கேட்டு, முழங்கைக்கு மேல வர்ற ஒரு நீள துணி கிளவுஸ் எடுத்துப் போட்டாரு, கருப்புல வெள்ளப் புள்ளி. உங்களுக்குத் தெரியும், சிக்னல்ல நிக்குற பொண்ணுங்க பாதி பேரு அதத்தான் போட்டிருப்பாங்க, நானும் ரெண்டு ஜோடி வெச்சிருக்கேன். யோசிச்சுப் பாருங்க, வெயிலுக்கு பயந்து முப்பது வருஷமா கிளவுஸ் போட்டுக்கினு இருக்கோம், ரோட்டுக்கு பயந்து ஒரு நாள் போடல. கருத்துடுவோம்னு நெனச்சோம், உரிஞ்சிடுவோம்னு நெனைக்கல.

"இது இல்லண்ணே, வுழுந்தா தாங்குறது". அவரு மேலயும் கீழயும் பாத்துட்டு "லடாக் போறீங்களா மேடம்"ன்னாரு. "காசிமேடு"ன்னேன்.

அரை விரல் கிளவுஸ் பிளாட்ஃபார்ம்ல நூத்தம்பதுக்கு விக்கிறது ஜிம்முக்கு ஆவும், அத வுடுங்க. பெரிய கெட்டி ப்ளாஸ்டிக் முட்டி எல்லாம் வெச்சு பயங்கரமா ஒண்ணு காட்டுனாரு, மேல பாத்தா ரோபோ கை மாதிரி, திருப்பி உள்ளங்கைய பாத்தா வெறும் மெல்லிசு துணி. யாராவது புறங்கையால ஊனி வுழுவாங்களா? நான் கடைசில வாங்குனது ஆட்டுத்தோல். மூணு விஷயம் பாத்தேன். மணிக்கட்டுல இறுக்குற பட்டை இருக்கணும், பட்டைய நல்லா போட்டுட்டு விரல் நுனிய புடிச்சு அடுத்தவங்க இழுத்தா கழண்டு வரக்கூடாது, வந்துச்சுன்னா வுழும்போது அது தனியா பறந்து போயிடும், நீ தனியா தேய்வ. உள்ளங்கையோட அடிப்பக்கம், நான் சொன்னேனே அந்த சதைமேடு, அங்க ரெட்டைத் தோலோ இல்ல வழவழன்னு ஒரு ப்ளாஸ்டிக் சில்லோ இருக்கணும். அது எதுக்குன்னா, வெறும் கை ரோட்ட கவ்வும், கவ்வுனா ஒடம்பு வேகம் மொத்தமும் மணிக்கட்டுல ஏறும், அந்த முந்திரிப்பருப்பு எலும்புல. ப்ளாஸ்டிக் கவ்வாது, வழுக்கிக்கினு போயிடும். அப்புறம் உள்ள தைச்சிருக்குற லேபிள். ஐரோப்பால வண்டி கிளவுஸுக்குன்னு ஈஎன் 13594னு ஒரு டெஸ்ட் வெச்சிருக்காங்க, பாஸ் ஆனா ஒண்ணு இல்ல ரெண்டுன்னு நம்பர் போடுவாங்க, ரெண்டு ஒசத்தி, பக்கத்துல KPனு ரெண்டு எழுத்து இருந்தா விரல் முட்டிக்கும் டெஸ்ட் பண்ணதா அர்த்தம். நான் வாங்குனது ஒண்ணுதான். ரெண்டாயிரத்துக்கு கொஞ்சம் மேல. அத சொன்னதும் அம்மா "ரெண்டாயிரத்துக்கு கை ஒறையா, வஞ்சரமே வாங்கி இருக்கலாம்"னுச்சு.

சைஸ் தான் பாடு. எல்லாம் ஆம்பள கை. பொம்பளைங்களுக்குன்னு எடுத்துக் காட்டுனா ரோஸ் கலரு, உள்ளங்கை மெலிசு. விரல் நுனில அரை இன்ச் காலியா தொங்குனா ப்ரேக் லீவர்ல மடிஞ்சு மாட்டும், அதுக்கு போடாமலே இருக்கலாம். மூணு கடை ஏறி எறங்கி ஆம்பளைங்க எஸ் சைஸ்ல ஒண்ணு கெடச்சுது. எனக்கு ஒரு ஆத்திரம் இருக்கு. நாங்க இருக்குற ஏரியா எப்படிப்பட்டது? திருவொற்றியூர்ல புல்லட் செஞ்சாங்க. பலூன் கம்பெனியா ஆரம்பிச்சது அங்கதான் டயர் கம்பெனி ஆச்சு. எண்ணூர்ல லாரி. சோழவரம் ஏர்ஸ்ட்ரிப்ல ரேஸ் ஓட்டுனாங்க, 1990ல இருங்காட்டுக்கோட்டைல ட்ராக் தொறக்குறதுக்கு முன்னாடி மெட்ராஸ் ரேஸுன்னா சோழவரம்தான். எங்க அப்பா வாலிபத்துல சைக்கிள் மிதிச்சுக்கினு அங்க போயி பாத்திருக்காரு, அந்த வெயில்ல தலைல இருந்து கால் வரைக்கும் தோல் சட்டை போட்டு ஓட்டுவாங்கன்னு கதை சொல்வாரு. பெரியமேட்டுல ஊரு ஒலகத்துக்கே தோல் விக்கிறாங்க. இவ்வளவையும் சுத்தி வெச்சுக்கினு எங்க ஏரியா பொண்ணு கைக்கு ஒரு தோல் கிளவுஸ் கெடைக்கல.

தம்பி ஒரு ஆராய்ச்சி கண்டுபுடிச்சு காட்டுனான், ஆஸ்திரேலியால 2011ல வந்தது. வண்டில இருந்து வுழுந்த 212 பேர பாத்திருக்காங்க. கிளவுஸ் போட்டிருந்தவங்க ஆஸ்பத்திரில சேர வேண்டி வந்தது, போடாதவங்களோட பாத்தா பாதிக்கும் கம்மி. அதே ஆராய்ச்சில கிட்டத்தட்ட நாலுல ஒரு கிளவுஸ் கிழிஞ்சும் போயிருக்கு, அதனால பேர பாத்து வாங்குனா மட்டும் போதாது. கிளவுஸ் போடற ஆளு பொதுவா நிதானமான ஆளா இருப்பான், மீதி எல்லாமும் போட்டிருப்பான், அதனால பூரா பெருமையும் கிளவுஸுக்கு குடுக்க முடியாதுன்னு எனக்கு தோணுது. இருந்தாலும் என்ன கேட்டா ஹெல்மெட்டுக்கு அப்புறம் கைல இருக்குற காச கிளவுஸ்ல போடுங்க, ஜாக்கெட் அடுத்த போனஸ்ல பாத்துக்கலாம். ஜாக்கெட் கடைக்காரர் இதுக்கு சண்டைக்கு வருவாரு. வரட்டும்.

ஜாக்கெட்டும் அப்புறம் வாங்குனேன், வலை மாதிரி இருக்குறது, முழங்கைலயும் தோள்லயும் பேடு. ஓடுற வரைக்கும் காத்து வரும். மிண்ட் சிக்னல்ல மே மாசம் நின்னீங்கன்னா இட்லி குண்டான்ல உக்காந்த மாதிரி இருக்கும். டெலிவரி பசங்க பக்கத்துல வந்து "அக்கா எந்த ஏரியா, ஆர்டர் நல்லா வருதா"னு கேப்பாங்க. தெனம் போடறேன்னு பொய் சொல்ல மாட்டேன். மணலில ஆபீஸுக்குப் போகும்போது போடுவேன், எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல கன்டெய்னர் லாரிங்க நடுவுல அது இல்லாம பயமா இருக்கு. கடைக்கு, கோயிலுக்கு, போட மாட்டேன். செருப்பு மட்டும் வுட்டாச்சு, ஷூ தான். ஆனா கிளவுஸ் சாவியோட ஒரே ஆணியில தொங்குது, தெரு முனைக்கு மாவு வாங்கப் போனாலும் போடறேன். அம்மாவுக்கு "கிளவுஸ்"னு வாயில வரல, "கை"னு தான் சொல்லும். வாசல்ல வண்டி சத்தம் கேட்டா உள்ள இருந்து கத்தும், "கை எடுத்துக்கினியாடி?" கீழ் வீட்டு பையன் இத கேட்டுட்டு ரொம்ப நாளா என்னை ஒரு மாதிரி பாத்துக்கினு இருந்தான்.

நவம்பர்ல மறுபடி வுழுந்தேன். அதுல கதை ஒண்ணும் இல்ல. மழை, ரோட்டுல பள்ளம் தோண்டி மேல இரும்பு ப்ளேட்டு போட்டு வெச்சிருந்தாங்க, அது மேல சாஞ்ச மாதிரி ஏறுனேன், பின் வீலு போச்சு. இந்த தடவையும் கை தான் மொதல்ல போச்சு. சர்ருனு ஒரு சத்தம், நான் எழுந்து நிக்கறேன். எடது கிளவுஸ்ல அந்த ப்ளாஸ்டிக் சில்லு பாதி தேய்ஞ்சு, பக்கத்துல தையல் வுட்டு, தோல் வாய் தொறந்துக்கினு இருந்துச்சு. கழட்டி கைய திருப்பி திருப்பி பாத்தேன். செவந்து இருந்துச்சு, அவ்வளவுதான். இடுப்புல ஒரு அடி, அது பத்து நாள் இருந்துச்சு, கத்திரிக்கா கலர்ல. ஆபீஸ் போயி பில்லு போட்டேன். அன்னைக்கு மத்தியானம் டப்பாவ தொறந்து கையால சோறு பெசைஞ்சு சாப்பிட்டேன், தயிர் சாதமும் ஊறுகாயும்தான், ரெண்டு தடவ விரல நக்குனேன், எதிர்ல உக்காந்திருந்த அக்கவுண்ட்ஸ் சார் "இன்னா மேடம், இன்னைக்கு பசியா"ன்னாரு.

தையல் வுட்ட கிளவுஸ் மறுபடி ஒரு தடவ தாங்காது, ஹெல்மெட் மாதிரிதான், ஒரு அடி வாங்குனா அதோட வேலை முடிஞ்சுது. தூக்கிப் போட வெச்சிருந்தேன். வலது கை நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ஒத்தக் கை எவன் விப்பான். அடுத்த நாள் காலைல சமையக்கட்டுல பாத்தா அம்மா அத மாட்டிக்கினு கொதிக்கிற சோத்துப் பானைய கவுத்து கஞ்சி வடிச்சுக்கினு இருக்கு. பட்டை எல்லாம் கரெக்டா இறுக்கி போட்டிருந்துச்சு. "சுடவே இல்லடி, ரெண்டாயிரம் தப்பே இல்ல, இன்னொரு கை எங்க?"

புதுசுக்கு ஆர்டர் போட்டேன், அதுவும் ஆம்பளைங்க எஸ் சைஸ்தான். வர்றதுக்கு ஒரு வாரம் ஆச்சு. அது வரைக்கும் ஷேர் ஆட்டோ.